அவள் எடுத்த படம், அவர் கட்டிய சுவர்

போன வாரம் போட்டோக்காரியை ஒரே பூரிப்பில் விட்டுவிட்டு வந்தோம். புது அல்ட்ரா வைட் ஜூம் லென்ஸில் அவளுக்கு முதல் வேலை. பல் டாக்டரம்மா கட்டிக்கொண்டிருக்கும் மாடிக் கிளினிக்கைப் படம் எடுக்க வேண்டும். தெருவோ குறுகல். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கேமராவை அண்ணாந்து பிடித்து, தரையிலிருந்து மேல்மாடி வரை ஒரே படத்தில் அடக்கிவிட்டாள். சாயங்காலமே டாக்டரம்மாவின் போனுக்கு அனுப்பியும் விட்டாள். அந்தக் கட்டடத்தைக் கட்டுகிற மேஸ்திரி வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான்.

‘அவளை அவ்வளவு குதிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்’ என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். நான் சொன்னால் கேட்கிற ஆளா அவள்? சாப்பிடும்போது புருஷனிடம் லென்ஸின் பெருமை வேறு. நம் கண் தவறவிடுகிறதை எல்லாம் இது பிடித்துவிடும், கண்ணை விட இது அதிகம் பார்க்கும் என்று வாய் ஓயாமல் சொன்னாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

காலையில் மேஸ்திரி கிளம்பிக்கொண்டிருந்தார். அன்று மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற நாள். கலவை இயந்திரம் வந்து நிற்கிறது என்று ஆட்கள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு கால் செருப்புக்குள் போயிருந்தது, இன்னொரு கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. அப்போது டாக்டரம்மாவின் போன் வந்தது.

அவர் கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை. பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் பேசுகிற அதே மெல்லிய குரலில் பேசினார். படத்தில் முன்சுவர் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, தூண்கள் மேலே போகப் போக ஒன்றை ஒன்று நெருங்குகின்றன, வெளியூரிலிருக்கும் என் அண்ணனுக்கு அனுப்பினேன், அவரும் அதையேதான் சொல்கிறார். இதன் தலையில் தளத்தின் பாரத்தை ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை, இன்றைக்கு வேண்டாம் மேஸ்திரி என்றார்.

மேஸ்திரி, டாக்டரம்மா தன் போனுக்கு அனுப்பியிருந்த அந்தப் படத்தைத் திறந்து பார்த்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

இந்த மனிதரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலையாட்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘மட்டப்பலகை’. விருந்துக்குப் போன வீட்டில் கூடக் கதவு நிலையை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்காமல் உள்ளே நுழைய மாட்டார். இவர் சுவரை யாராவது கோணல் என்று சொன்னால் எகிறிக் குதித்திருக்க வேண்டும். அன்று குதிக்கவில்லை. சரிங்க டாக்டரம்மா என்றார். ஆட்களுக்குப் போன் போட்டு, வேலை இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். போட்ட செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

போட்டோக்காரி விஷயம் தெரிந்து ஓடி வந்தாள். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவசரத்தில் ரவிக்கையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வந்தவள் போல முகம் சிவந்தது. தப்பு சுவரில் இல்லை, அவள் கையில் இருந்தது.

அவரிடம் பொறுமையாகச் சொன்னாள். இந்த லென்ஸை நேராகப் பிடித்தால் நேராகத்தான் காட்டும். கொஞ்சம் அண்ணாந்து பிடித்தால் போதும், நேராக நிற்கிறதெல்லாம் உள்பக்கமாகச் சரிந்து விழுகிற மாதிரிக் காட்டும். எவ்வளவு அகலமாக எடுக்கிறோமோ அவ்வளவுக்குச் சரிவும் பார்வையை உறுத்தும். பழைய லென்ஸில் தெருக்கோடிக்குப் போய் நின்று எடுப்பாள், அதனால் இது தெரிந்ததில்லை. புது லென்ஸ் வந்த திமிரில் கட்டடத்தின் காலடியில் நின்று எடுத்துவிட்டாள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, “நேத்து நீதானே சொன்னே, கண்ணு விடறத எல்லாம் இது புடிச்சிடும்னு. புடிச்சிருக்கு” என்றார்.

அவளுக்குத் தன் நாக்கைத் தானே கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சும்மா விடுகிறவளா? கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். எதிரே நாலு மாடிக் குடியிருப்பு. பத்து வருஷமாக ஆடாமல் அசையாமல் நிற்கிறது. வேண்டுமென்றே அண்ணாந்து ஒரு படம் எடுத்தாள். கேட்க வேண்டுமா, கட்டடம் கூம்பு மாதிரி மேலே குறுகி, பின்னால் மல்லாக்க விழப்போகிற மாதிரி வந்தது. அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினாள். இதோ பாருங்கள், இதுவும் சாய்கிறது, இது என்ன கீழே விழுந்துவிட்டதா என்று கேட்டாள்.

மேஸ்திரி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் முகத்திலிருந்து வடிந்துவிட்டது.

“இதையும் நான்தான் கட்டினேன்.”

அட, தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவர் கட்டியது, அவளுக்கு எப்படித் தெரியும்? தெருவில் அவர் கட்டாத உயரமான பொருள் ஒன்று வேண்டுமே என்று தேடினாள். விளக்குக் கம்பத்தை எடுத்துக் காட்டினாள். அது லாரி இடித்ததிலிருந்து கோணல்தான் என்றார் அவர். அதுவும் உண்மைதான்.

அதற்கு மேல் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பேச்சுக்குக் கூட இப்படித் தோற்று உட்கார்ந்த மனிதர் இல்லை அவர். ஒரு நூலையும் குண்டையும் எடுத்துக்கொண்டு போய்த் தொங்கவிட்டால் சுவர் நேரா கோணலா என்று தெரிந்துவிடும், முடிந்தது வழக்கு. ஊரெல்லாம் தூக்குக்குண்டு போட்டுப் பார்க்கிறவர், தன் சுவருக்குப் போட்டுப் பார்க்க ஏன் எழுந்திருக்கவில்லை? அந்தக் கேள்விதான் அவளை அரித்தது.

மதியம் காலை ஷிப்டை முடித்துக்கொண்டு விசில் வந்து சேர்ந்தாள். விசில் என்றால் மேஸ்திரியின் அக்கா. பஸ் கண்டக்டர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், வீட்டுக்குள் வந்தாலும் கழற்ற மாட்டாள். அவள் அதட்டினால் படிக்கட்டில் தொங்குகிற பயல்கள் மட்டுமல்ல, டிரைவரே உள்ளே வந்துவிடுவார் என்று பேச்சு.

விஷயத்தைக் கேட்டதும் அவள் அதட்டவில்லை. கைப்பையை மெதுவாக மேஜை மேல் வைத்தாள். தம்பி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். போட்டோக்காரி அதைக் கவனித்துவிட்டாள். படத்தில் ஓரத்தில் நிற்கிறவன் முகம் கோணினாலும் கண்டுபிடிக்கிறவளுக்கு, எதிரில் நிற்கிற நாத்தனாரின் முகம் கோணுவது தெரியாதா?

அண்ணி, உங்களுக்கு என்னவோ தெரியும், சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். விசில் முதலில் மழுப்பினாள். வெயில் என்றாள், கால் வலி என்றாள். முழுப் பூசணிக்காயை எத்தனை நேரம் சோற்றில் மறைப்பது? கடைசியில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது அவள்தான். இடது கண்ணில் புரை வந்திருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டால் பழையபடி பார்வை வரும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். டாக்டரம்மாவின் வேலை முடியட்டும், அதுவரைக்கும் பெண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம் என்று அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுவிட்டார் இவர். அப்புறம் அந்தச் சுவரை எழுப்பியிருக்கிறார்.

போட்டோக்காரிக்கு முதலில் கோபம் வந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனாள். அவர் பக்கத்தில் அதே படியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“குண்டு போட்டுத்தானே கட்டினீங்க?”

“போட்டேன். அதப் பார்த்ததும் இதே கண்ணுதானே.”

“இப்ப இன்னொரு தடவ போட்டுப் பார்த்தா என்ன?”

அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையைச் செய்யும்போதே ஒரு கண்ணை மூடினால் நூல் ஓர் இடத்திலும், இன்னொரு கண்ணை மூடினால் வேறோர் இடத்திலும் தெரிந்தது என்று சொன்னார். நேராக இருக்கிறதா என்று ஆட்களைக் கேட்க வெட்கமாக இருந்தது என்றும் சொன்னார்.

“பார்த்து, சுவரு கோணல்னு தெரிஞ்சிடுச்சுன்னு வச்சுக்க. அதுக்கப்புறம் நான் யாரு?”

இதுதான் விஷயம். சுவர் சாய்ந்திருந்தால் இடித்துக் கட்டலாம். இந்த மனிதர் சாய்ந்துவிட்டால்? கரண்டியைக் கீழே வைத்தால் வேறு என்ன தெரியும் அவருக்கு? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் சுவர் நிமிராது என்று எழுந்துவிட்டாள்.

“நீங்க பார்க்க வேணாம். நாங்க பார்க்கிறோம். நீங்க சும்மா வந்து நில்லுங்க.”

மாட்டேன் என்றார். விசில் பின்னாலிருந்து, கண் கெட்ட பிறகுதான் எல்லாம் பார்ப்பாயோ, எழுந்திருடா என்றாள். சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்குத் தரதரவென்று இழுத்துப் போன குரல் அது. எழுந்துவிட்டார்.

கட்டடத்தடியில் டாக்டரம்மா ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தார். அண்ணாந்து அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டதாம், தடவிக்கொண்டிருந்தார். அவரும் பாவம்தான். வாடகை இடத்தில் காலம் தள்ளிச் சொந்தமாக ஒன்று கட்டுகிறவருக்கு அந்தப் படத்தைப் பார்த்த பிறகு தூக்கம் எப்படி வரும்?

மேஸ்திரி தெருப் பக்கம் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கட்டடத்துக்கு முதுகைக் காட்டி அவர் நின்றதை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

போட்டோக்காரி சேலையைச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினாள். உச்சியில், சுவரில் ஒரு மரக்கட்டையை ஒட்ட வைத்து, அதன் வெளி விளிம்பு வழியாக நூலை இறக்கினாள். கீழே விசில் கையில் அதே அளவுக் கட்டை இன்னொன்று. மேலே சுவருக்கும் நூலுக்கும் இருக்கிற இடைவெளிதான் கீழேயும் இருக்க வேண்டும். கீழே கட்டை சரியாகப் பொருந்தினால் சுவர் நேர். இவ்வளவுதான் பரீட்சை.

ஆனால் காற்று விடவில்லை. குண்டு ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருந்தது. விசில் கையால் பிடித்து நிறுத்தினாள், விட்டால் மறுபடி ஆடியது. மேலிருந்து ஒருத்தி அந்தப் பக்கம் என்கிறாள், கீழிருந்து ஒருத்தி இந்தப் பக்கம் என்கிறாள், டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவருக்குப் பொறுக்கவில்லை. திரும்பாமலே சொன்னார்.

“வாளியில தண்ணி வச்சு, குண்டை அதுக்குள்ள விடுங்க. அடங்கிடும்.”

வைத்தார்கள். அடங்கியது.

விசில் குனிந்து கட்டையைச் சுவருக்கும் நூலுக்கும் நடுவில் நுழைத்தாள். டாக்டரம்மாவும் குந்தி உட்கார்ந்து, கைப்பையிலிருந்த சின்ன டார்ச்சை அடித்து எட்டிப் பார்த்தார். அடுத்தவர் வாய்க்குள் மயிரிழைச் சந்தைக் கூட விடாமல் பார்க்கிற கண்கள் அவை.

கட்டை போய் உட்கார்ந்தது. நூலைத் தள்ளவும் இல்லை, சந்து விடவும் இல்லை.

“சுவர் நேரு, இறங்கலாம்” என்று விசில் தன்னையறியாமல் பஸ்ஸில் கத்துகிற மாதிரிக் கத்தினாள்.

மேஸ்திரி திரும்பவில்லை. தூண் என்றார். தூண்களுக்கும் போட்டார்கள். ஒன்று சரி, இரண்டாவதும் சரி. மூன்றாவதில் கட்டை நுழைய மறுத்தது. விசில் மேலே பார்த்தாள். போட்டோக்காரி சாரத்தில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டரம்மாதான் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய், இங்கே என்னவோ ஒட்டிக்கொண்டிருக்கிறதே, காறை மாதிரி என்றார். காய்ந்துபோன கலவைத் துணுக்கு ஒன்று. விசில் சாவியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி நுழைத்தாள். அச்சு மாதிரி உட்கார்ந்தது. நாலாவது தூணிலும் அப்படியே.

கடைசியில்தான் அவர் திரும்பினார். சுவர்ப் பக்கம் போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மணல் குவியலில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று போட்டோக்காரிக்குத் தெரியவில்லை. சாரத்திலிருந்து இறங்கி ஓடிப் போய்த் துண்டை விலக்கிப் பார்த்தாள். இரண்டும்தான். அவளுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

டாக்டரம்மா ஒரு நிமிஷம் தயங்கி, போனில் அந்தப் பழைய படத்தை எடுத்து மறுபடி பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது குழாயைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துவிட்டால் பல் தேவையில்லாமல் நீளமாக வந்து தொலையும், புதிதாக வருகிற உதவியாளர்களைத் தினமும் அதற்காகத்தான் திட்டுகிறேன் என்றார்.

“படத்தை நம்பிப் பல்லைப் புடுங்கியிருப்பேன் போலிருக்கே மேஸ்திரி. மன்னிச்சிடுங்க. நாளைக்குத் தளம் போட்டுடுங்க.”

மேஸ்திரி தலையை ஆட்டினார். அந்த ஒரு ஆட்டத்தில் பழைய மட்டப்பலகை திரும்பி வந்துவிட்டார். உடனே கலவை இயந்திரக்காரர்களுக்குப் போன் போட்டு, இன்றைக்குத் திருப்பி அனுப்பியதற்காகத் தன்னையே திட்டுகிற தொனியில் அவர்களைத் திட்டினார்.

போட்டோக்காரிக்கு மட்டும் ஒரு கடன் பாக்கி இருந்தது. எதிர்வீட்டு மாடிக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு மேலே ஏறினாள். பாதி உயரத்தில் நின்று, கேமராவை இந்த முறை அண்ணாந்தும் பிடிக்கவில்லை, குனிந்தும் பிடிக்கவில்லை. லென்ஸை அதன் முழு அகலத்துக்குத் திருப்பினாள். தரையும் வந்தது, உச்சியும் வந்தது. தூண்கள் நாலும் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றன.

கீழே படத்துக்குள் நின்ற விசில், நானும் தெரிகிறேனா என்று கேட்டாள். அண்ணி, ஓரத்தில் நிற்காதீர்கள், இந்த லென்ஸ் ஓரத்தில் நிற்கிறவர்களை இழுத்து அகலமாக்கிவிடும், நடுவுக்கு வாருங்கள் என்றாள் இவள். எனக்கென்ன புதுசா, நான் எப்போதும் பஸ்ஸுக்கு நடுவில்தானே நிற்கிறேன் என்று விசில் நகர்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் அப்போதுதான் பசி தெரிந்தது. சாப்பிட்டு முடிகிற வரைக்கும் போட்டோக்காரி பொறுத்திருந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, மதியம் மடித்து வைத்த கோபத்தை எடுத்துப் பிரித்தாள்.

“அக்காகிட்ட சொல்லத் தெரியுது. எங்கிட்ட சொன்னா என்ன?”

“சொன்னா கரண்டிய வாங்கி வச்சிடுவே.”

“வாங்கத்தான் போறேன். ஆபரேஷன் ஆகி ஆறுற வரைக்கும்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நீங்கள் தனியாக இத்தனை நாள் பயந்துகொண்டு இருந்திருக்கிறீர்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை, பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் லென்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன் என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா இருக்கிறாள் என்று கூடப் பார்க்கவில்லை. விசில் நாகரிகமாக ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

அதோடு விட்டாளா? இனிமேல் இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்று சட்டம் போட்டாள். புருஷனைச் சரி என்று சொல்ல வைத்தாள். நாத்தனாரையும் சொல்ல வைத்தாள்.

விசில் சூட்டோடு சூடாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். இன்னொரு தடவை இந்த மனிதர் மனசு மாறுவதற்குள் நாள் குறித்துவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடுங்கள், கூட ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். விசிலுக்கு அன்றைக்கு ஷிப்ட் மாற்ற முடியாது.

“நீ இருப்பேல்ல?” என்று மேஸ்திரி கேட்டார். சுவரைப் பற்றிக் கேட்கும்போது கூட அந்தக் குரலில் அவர் கேட்டதில்லை. குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது.

“இது என்ன கேள்வி? நான் இல்லாம யாரு இருப்பா?”

அவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது.

அது கடற்கரை ஓட்டல் மேனேஜர். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த ஓட்டலின் கூடம் முதல் மொட்டை மாடி வரை படம் எடுக்கிற வேலைக்காகத்தான் நகையை அடகு வைத்து அந்த லென்ஸையே வாங்கினாள் அவள். கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து, கூப்பிட மாட்டார்கள் என்று கைவிட்டும் விட்டாள். இப்போது கூப்பிட்டுவிட்டார்கள். மேனேஜர் மடமடவென்று சொன்னார். திறப்பு விழாவுக்கு முன்னால் கட்டடம் காலியாக இருக்கிற நாள் ஒன்றே ஒன்றுதான், வெள்ளிக்கிழமை, விடிந்ததும் வந்துவிட வேண்டும், முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு ஆள் தயாராக இருக்கிறார்.

அவள் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ம் என்று மட்டும் சொல்லி, போனை வைத்துவிட்டாள்.

“யாரு?” என்று கேட்டார் மேஸ்திரி.

விசில் ஜன்னலிலிருந்து திரும்பி அவள் முகத்தையே பார்த்தாள்.

“ராங் நம்பர்ங்க” என்றாள் போட்டோக்காரி.